சர்க்கரைக் கரண்டி

“முதல் ராத்திரி ஜெம்மைஸே. ரெண்டாவது ராத்திரி மார் மிக்காயேல். இதுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது” என்றான் நதீம். மேஜையில் பெய்ரூட் வரைபடம் விரிந்து கிடந்தது; அந்த இரண்டு மதுக்கடைத் தெருக்களையும் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். அதில் கடல் இருக்க வேண்டிய இடத்தில் அவன் கடித்துத் துப்பிய பூசணி விதைத் தோல் குவிந்திருந்தது.

“அப்ப காலையில?” என்று கேட்டார் உம் மித்ரி. மித்ரியின் அம்மா என்பதால் ஊரில் அவருக்கு அந்தப் பெயர்.

“முதல் நாள் காலையில மியூசியம், அத்தை. மறுநாள் ரோமானியக் குளியல் கூடம், அப்படியே ஜுபைல் கோட்டை” என்றாள் ஜுமானா. “ரெண்டு காலையும் பழைய கல்லுதான்.”

உம் மித்ரியின் முகம் மலர்ந்துவிட்டது. “அட, என் பிள்ளை ஜெயிச்சுட்டானா? சனிக்கிழமை ராத்திரிகூட இதுக்குத்தானே கத்திக்கிட்டு இருந்தீங்க!”

“ஜெயிச்சுட்டான்” என்றான் நதீம், அடுத்த விதையைக் கடித்துக்கொண்டே.

அந்தப் பிள்ளையைத்தான் நான்கு நாளாகக் காணோம்.

பெய்ரூட்டுக்கு மலைக்கு இந்தப் பக்கம் ஸஹ்லே ஊரில், உம் மித்ரியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம், மேடம் நுஹாத்தும் நானும். மேடம் நுஹாத் ஒரு காலத்தில் போலீஸில் இருந்தவர். மேலதிகாரியைத் திருடன் என்று அவன் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் தானியோஸ். அவருடைய காரை ஓட்டுவேன், பையைத் தூக்குவேன், யாரும் கேட்காத கருத்துகளைச் சொல்வேன்.

மித்ரி பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் திரும்பவில்லை. அன்று இரவு அவன் போனிலிருந்து அம்மாவுக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது. ‘நான் முன்னாடியே பெய்ரூட் போறேன். பசங்க வரும்போது அங்க இருப்பேன்.’ அதோடு போன் அணைந்துபோனது. ஞாயிறு அவன் கிளம்பின பிறகு அவனைப் பார்க்கவே இல்லை என்று நதீம், ஜுமானா, ஃபாபியோ என்று நண்பர்கள் மூன்று பேரும் சொன்னார்கள். பெய்ரூட்டில் எவளாவது இருப்பாள், இரண்டு நாளில் வந்துவிடுவான் என்று போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். உம் மித்ரிக்குச் சிரிப்பு வரவில்லை.

“என்கிட்ட சொல்லாம அவன் தெருவைக்கூடத் தாண்ட மாட்டான்” என்று மேடம் நுஹாத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். “உயிரோட இருக்கானா இல்லையா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும். நாளைக்குக் காலையில இவங்க மூணு பேரும் மலையைத் தாண்டிப் போறாங்க. அங்கேருந்து ஃபாபியோ அப்படியே பிரேசிலுக்கு விமானம் ஏறிடுவான். அப்புறம் நான் யாரைப் போய்க் கேக்கறது?”

அதனால்தான் நாங்கள் அங்கே. கதவோரம் ஒரு பை தயாராக இருந்தது. உம் மித்ரி மகனுக்காகக் கட்டியது. பெய்ரூட்டில் அவனைப் பார்த்ததும் கொடுக்கச் சொல்லி நதீமிடம் ஒப்படைத்திருந்தார். அதன் மேல் அவனுடைய குளிர்கால கோட் மடித்து வைத்திருந்தது. “ராத்திரி வெளியில சுத்துவீங்க, அவனுக்கு நெஞ்சுச் சளி வரும்” என்றார். நதீம் தலையாட்டினான். தலையாட்டியதை நான் பார்த்தேன், இப்போது நினைத்தாலும் கை துறுதுறுக்கிறது.

காப்பி வந்தது. ஏலக்காய் போட்டு, சர்க்கரை அளவாகப் போட்டு, சின்னக் கோப்பைகளில். “என்னைப் புதைக்கப்போற கண்ணுங்களா, குடிங்க” என்றார் உம் மித்ரி. எங்கள் ஊர் அம்மாக்களின் கொஞ்சல் இது. எனக்கு முன்னால் நீ போய்விடக் கூடாது என்று பிள்ளையிடம் சொல்வது.

குடித்து முடித்ததும் கோப்பையை வைத்துவிட்டு ‘தாயிமே’ என்று சொல்ல வேண்டும். இந்த வீட்டில் இந்த நேரம் என்றைக்கும் நிலைக்கட்டும் என்று வாழ்த்து. நதீம் சொன்னான், ஜுமானா சொன்னாள், நானும் மேடமும் சொன்னோம். பிறகு மறுபடி ஜெம்மைஸேயா வேறு தெருவா என்று ஆரம்பித்தார்கள். ஃபாபியோ மட்டும் முட்டையை வைப்பது மாதிரி கோப்பையை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

மேடம் நுஹாத் எழுந்தார். “தானியோஸ், வா, காத்து வாங்குவோம்.”

பால்கனியில் கதவைச் சாத்தினதும் கேட்டார். “யாரு?”

“நதீம்.”

“ஏன்?”

“மூஞ்சி.”

“மூஞ்சியை வெச்சுப் பிடிக்கறதா இருந்தா உன்னை எப்பவோ உள்ள தள்ளியிருக்கணும். உருப்படியா சொல்லு.”

“சரி, அந்த ஆள் மதியம் வரைக்கும் தூங்குறவன். மருந்துக் கடையவே பதினொரு மணிக்குத்தான் திறக்கறான். அவன் ரெண்டு காலையும் கல்லைப் பாக்க ஒத்துக்கிட்டானாம். இடிக்குது, மேடம்.”

“பரவாயில்லையே, தலைக்குள்ள இன்னும் கொஞ்சம் இருக்கு. சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் சண்டை. ஞாயித்துக்கிழமை மித்ரியை யாரும் பாக்கல. அப்புறம் ஆளையே காணோம். அப்ப அவன் எந்தக் கிழமைல ஜெயிச்சான்?”

நான் வாயைப் பிளந்தேன். “உள்ள போய் நாலு அறை விடவா?”

“விட்டா, பெய்ரூட்டுலேருந்து போன்ல ஒத்துக்கிட்டேன்னு சொல்லுவான். வெறும் சந்தேகத்தைத் தூக்கிக்கிட்டு ஒரு அம்மா முன்னாடி நிக்க முடியாது. நீ கோப்பையைப் பாத்தியா?”

“காப்பியைப் பாத்தேன். பிரமாதம்.”

“ஃபாபியோ குடிச்சுட்டு என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

“அதேதான்” என்றார் மேடம்.

ஃபாபியோ மித்ரிக்குப் பங்காளி முறை. தாத்தா இந்த ஊரிலிருந்து சாவோ பாவ்லோ போனவர். பேரன் கோடையில் வேரைத் தேடுகிறேன் என்று வந்து, மித்ரி வீட்டிலேயே தங்கிவிட்டான். எங்கள் பேச்சை மித்ரிதான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தான். முதலில் கற்றுக்கொடுத்த வார்த்தை தாயிமே. அது பயலுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. முடிவெட்டி முடித்ததும் நாவிதரிடம் தாயிமே என்பான். சோதனைச் சாவடியில் காகிதத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த சிப்பாயிடம் தாயிமே என்றான். கோவிலில் நற்கருணை வாங்கிக்கொண்டு பாதிரியாரிடமே தாயிமே என்று சொல்லி, அந்த மனுஷன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றார். ஊரே சிரித்த கதை அது.

“வாயில்லாம இருக்கான்னா துக்கம்தான், மேடம். கூடப் பொறந்தவன் மாதிரி பழகினவனைக் காணோம்” என்றேன்.

“இருக்கலாம். கீழ போய் அவனுக்கு ஒரு ஜூஸ் வாங்கித் தருவோம். துக்கமா வேற ஏதாவதான்னு தெரிஞ்சிடும்.”

ஊருக்குப் போகிறவனுக்கு எங்கள் செலவில் மாதுளை ஜூஸ் என்று சொல்லி ஃபாபியோவைக் கீழே அழைத்து வந்தோம். தெருமுனைக் கடைக்காரர் பழத்தை இரண்டாக வெட்டிப் பிழிந்து பெரிய கண்ணாடிக் குவளையில் நீட்டினார். அவன் ஒரே மூச்சில் குடித்தான். குவளையைத் திருப்பிக் கொடுத்தான்.

“தாயிமே!” என்றான், பல் தெரிய.

“உனக்கும் நல்லாருக்கட்டும்பா” என்று சிரித்தார் கடைக்காரர்.

மேடம் நுஹாத் சிரிக்கவில்லை. ஃபாபியோவின் தோளில் கை போட்டு, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “அந்த வார்த்தை உனக்கு மறந்துபோச்சோன்னு நெனச்சேன்.”

“மறக்கவில்லை. எனக்குப் பிடித்த வார்த்தை” என்றான். அவன் பேச்சு எப்போதும் புத்தகம் மாதிரிதான் இருக்கும்.

“மித்ரிதானே சொல்லிக்கொடுத்தான்?”

“ஆமாம்.”

“எங்க சொல்லக் கூடாதுன்னும் சொல்லிக்கொடுத்தானா?”

அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதோ தெரியவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒரு இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. சாவு வீட்டில். அங்கே சர்க்கரை இல்லாத காப்பி கொடுப்பார்கள். குடித்துவிட்டு, ஆண்டவன் இரங்கட்டும் என்று சொல்லிக் கோப்பையை வைக்க வேண்டும். அங்கே போய்த் தாயிமே என்றால், இந்தச் சாவு இங்கேயே நிலைக்கட்டும் என்று ஆகிவிடும். விவரமில்லாத சின்னப் பிள்ளைகூட அதைச் சொல்லாது.

“மேல கொடுத்த காப்பில சர்க்கரை இருந்துச்சு, ஃபாபியோ” என்றார் மேடம், குரலை உயர்த்தாமல். “அந்த அம்மா மகனுக்குக் கோட்டு மடிச்சு வெச்சுக்கிட்டு இருக்காங்க. அது சாவு வீடுன்னு உனக்கு யாரு சொன்னா?”

அவன் அழ ஆரம்பித்தான். நான் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினேன். “பாவி! சோறு போட்ட வீட்டுலயாடா? கூடப் பிறந்தவன் மாதிரி வெச்சிருந்தானேடா உன்னை!”

“விடு அவனை” என்றார் மேடம். “மத்த ரெண்டு பேருக்கும் அது நாக்குல இருக்கு. தலையைக் கேக்காமலே வெளிய வந்துடும். இவனுக்குத் தலையில இருக்கு. யோசிச்சுச் சொல்றவன் யோசிச்சுத்தான் விடுவான். இவன் ஒருத்தன்தான் அந்த வீட்டுல மரியாதையா நடந்துக்கிட்டான்.”

“மத்த ரெண்டு பேருமா?” என்றேன். என் பிடி தானாகத் தளர்ந்தது.

“நாங்கள் மூவரும்” என்றான் ஃபாபியோ.

பிறகு கொட்டித் தீர்த்தான். ஞாயிறு நதீமின் காரில் நாலு பேரும் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கும் குன்றுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ரோமானியர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு, பாறையில் குடைந்தது, கிணறு மாதிரி ஆழம், வாய் குறுகல். பெய்ரூட் பயணத்தில் காலை நேரம் யாருக்கு என்று மறுபடி சண்டை. நதீம் ஒரு பந்தயம் வைத்தான். கல்லு கல்லுன்னு உயிரை விடறியே, உள்ளே இறங்கித் தனியா ஒரு மணி நேரம் கல்லோட இரு, இருந்தால் ரெண்டு காலையும் உனக்கு. மித்ரி சிரித்துக்கொண்டே போனை நதீமிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து இறங்கினான். நதீம் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டான். வேடிக்கையாம். அப்படியே மூன்று பேரும் பர்தவ்னி ஆற்றோரத்துக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

“அரக் சாராயம் குடித்தோம். பாட்டு இருந்தது. அப்போது மழை வந்தது” என்றான் ஃபாபியோ.

அந்த மழை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பருவத்தின் முதல் மழை, தெருவெல்லாம் சேறு. குன்றிலிருந்து ஓடும் தண்ணீரைப் பிடிக்கத்தானே அந்தத் தொட்டியை அந்தக் காலத்தில் குடைந்தார்கள்!

“எப்பத் திரும்பிப் போனீங்க?”

“பொழுது சாயும்போது. மேலிருந்து கூப்பிட்டோம். பதில் வரவில்லை.”

“உள்ள பாத்தீங்களா?”

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“ஃபாபியோ, யாராவது எட்டிப் பாத்தீங்களா இல்லையா?”

“நான் பார்க்கப் போனேன். ஜுமானா கையைப் பிடித்து இழுத்தாள். நதீம் சொன்னான், பார்த்தால் நமக்குத் தெரிந்துவிடும், தெரியாதவரைக்கும் நாம் பொய் சொல்வதாக ஆகாது என்று. பிறகு மித்ரியின் போனிலிருந்து அந்தச் செய்தியை அனுப்பினான். பெய்ரூட் போய்விட்டு வந்து, அங்கே அவன் வரவே இல்லை என்று சொல்லலாம் என்றான்.”

அவன் சட்டைக்கு மறுபடி போன என் கையை மேடம் தட்டிவிட்டார்.

“யாரும் பாக்கல” என்று மெதுவாகச் சொன்னார் மேடம் நுஹாத். “அப்ப செத்துட்டான்னு யாருக்கும் தெரியாது.” அடுத்த நொடி போனை எடுத்து உள்ளூர் போலீஸ் சார்ஜெண்ட் ஃபர்ஹாத்தைப் பிடித்தார். கயிறு, ஏணி, மருத்துவர், ஆம்புலன்ஸ், எல்லாம் உடனே குன்றுக்கு. “சிரிக்காம போங்க. உயிர் இருக்கலாம்” என்று சொல்லி வைத்தார்.

“நாமளும் ஓடலாம், மேடம்!”

“அவங்க குன்றுப் பக்கத்துலயே இருக்காங்க, கயிறும் இருக்கு. நம்ம வேலை மேல இருக்கு. ஃபாபியோ, நட. எங்கிட்ட சொன்னதை ஒரு வார்த்தை விடாம அந்த அம்மாகிட்ட நீயே சொல்லு.”

“என்னால் முடியாது” என்றான்.

“முடியும். நாலு நாளா அவங்க கையால சாப்பிட முடிஞ்சதில்ல?”

மேலே போனபோது நதீம், மித்ரியின் கோட்டைப் பையின் மேலிருந்து எடுத்துக் கையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். “கனமா இருக்கே அத்தை, மெல்லிசா வேற இல்லையா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மேடம் நுஹாத் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். ஃபாபியோ சொன்னான். புத்தகத்தைப் படிப்பது மாதிரி, தரையைப் பார்த்தபடி, தொட்டி, கயிறு, சாப்பாடு, மழை, போன் என்று ஒன்றுவிடாமல் சொன்னான்.

“பொய்! இவனுக்கு நம்ம பாஷையே சரியா வராது” என்று கத்தினான் நதீம்.

“நதீம், போதும்” என்றாள் ஜுமானா. அவள் உட்கார்ந்தே இருந்தாள். வரைபடத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

உம் மித்ரி அழவில்லை. ஜுமானா அந்த வீட்டு மாடியில் பிறந்து, அவர் மடியில் வளர்ந்தவள். அவள் முன்னால் போய் நின்றார்.

“கூப்பிட்டீங்களாமே. எத்தனை தடவ கூப்பிட்டீங்க?”

ஜுமானாவின் உதடு மட்டும் அசைந்தது.

“காதுல விழல கண்ணு.”

“ஒரு தடவ, அத்தை.”

“ஒரு தடவ” என்றார் உம் மித்ரி. “சோத்துக்குக் கூப்பிட்டாலே அவன் மூணாவது தடவைதானே திரும்புவான். உனக்குத் தெரியாதா?”

பிறகு மேடம் நுஹாத்தைப் பார்த்தார். “ஆளுங்க போயிருக்காங்களா?”

“போயிருக்காங்க. இப்ப போன் வரும்.”

“எம்பிள்ளை குளிர்ந்துபோய் வருவான். நான் காப்பி போடறேன்.”

சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. நீளப் பிடி வைத்த காப்பிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். காப்பித் தூளைப் போட்டார். சர்க்கரை டப்பாவைத் திறந்து, கரண்டி நிறைய அள்ளினார். அள்ளிய கரண்டியைப் பாத்திரத்துக்கு மேலே அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் சூடேறி ஓரத்தில் நுரை கட்டியது. அவர் போடவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. எனக்குக் கும்பிடத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் வரிசையாகக் கூப்பிட்டேன். ஃபாபியோ முழங்காலிட்டிருந்தான். நதீம் பால்கனிக் கதவைப் பார்த்தான். மூன்றாவது மாடி என்று அவனுக்கு நினைவுபடுத்தினேன்.

மேடத்தின் போன் அடித்தது.

“சொல்லுங்க, ஃபர்ஹாத்.” கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் அரைகுறையாகக் கேட்டது. தண்ணீர் முழங்கால் அளவுதான் நின்றிருக்கிறது. ஏற முயன்று விழுந்ததில் கால் முறிந்திருக்கிறது. அந்தக் காலோடு உடைந்த கல்லையெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஏறிப் பார்த்திருக்கிறான். வாய் எட்ட ஒரு கை நீளம் குறைவு. காரணம் ஈரமும் குளிரும்தான் என்று மருத்துவர் சொல்கிறாராம்.

“எப்ப?” என்று கேட்டார் மேடம். பிறகு போனை மறு காதுக்கு மாற்றினார். “நேத்து ராத்திரியா?”

அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. ஜுமானா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமையலறையில் உம் மித்ரி கரண்டியைத் திரும்ப டப்பாவுக்குள் கவிழ்த்தார். ஒட்டியிருந்த சர்க்கரையையும் விரலால் தட்டி உதிர்த்துவிட்டு மூடியை இறுக்கினார். காப்பியைக் கோப்பைகளில் ஊற்றித் தட்டில் வைத்து எடுத்து வந்தார். முதலில் மேடத்துக்கு, பிறகு எனக்கு, பிறகு முழங்காலிட்டிருந்த ஃபாபியோவுக்கு. அவன் வாங்கிக் குடித்து, “ஆண்டவன் அவனுக்கு இரங்கட்டும்” என்று தேம்பினான். ஜுமானா கோப்பையைத் தொடவில்லை.

உம் மித்ரி நதீமின் முன்னால் நின்றார்.

“குடி.”

“அத்தை, நான் வேணும்னே...”

“குடி கண்ணு. ஆறிப்போகும்.”

அவன் குடித்தான். கசப்பில் முகம் கோணியது. அவர் தட்டை நீட்டியபடியே காத்திருந்தார். கோப்பையைத் தட்டில் வைத்தான். தலையைக் கேட்காத அந்த நாக்கு, பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு, அதுவாகவே சொல்லிவிட்டது.

“தாயிமே.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. கண் விரிந்தது. உம் மித்ரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். எப்போதும் பதில் சொல்லும் அதே குரலில்தான் சொன்னார்.

“அப்படியே ஆகட்டும், கண்ணு. உங்கம்மா வீட்டுலயும்.”